கட்டுமரம் தேறும், நங்கூரம் தேறாது

ஆங்கிலத்துக்குத் தமிழ் கொடுத்த சொற்கள் என்றொரு பட்டியல் வட்ஸ்அப்பிலும் முகநூலிலும் ஓய்வில்லாமல் சுற்றுகிறது. பொங்கலுக்கு ஒருமுறை வரும், தாய்மொழி நாளுக்கு ஒருமுறை வரும், இடையில் யாராவது உறவினருக்கு இனப்பற்று மேலிட்டால் இன்னொரு முறையும் வரும். கடல் சார்ந்த சொற்கள் அதில் எப்போதும் முன்வரிசையில் நிற்கும். நாவாய் 'நேவி' ஆனது, நங்கூரம் 'ஆங்கர்' ஆனது, கட்டுமரம் 'கட்டமரான்' ஆனது. கடற்படைத் தளத்தையும் உட்துறைமுகத்தையும் கண்முன்னே வைத்துக்கொண்டு வாழும் திருகோணமலைக்காரருக்கு இந்த மூன்றும் இனிக்கத்தான் செய்யும். மூன்றிலும் ஒலி ஒத்துப்போகிறது, பொருளும் ஒத்துப்போகிறது. ஆனாலும் சான்று கேட்டால் மூன்றில் ஒன்றுதான் தேறும்.

ஆங்கரை முதலில் எடுப்போம். பழைய ஆங்கிலத்திலேயே, அதாவது கி.பி. 1000க்கு முன்பே, அந்தச் சொல் எழுத்தில் இருக்கிறது. லத்தீனின் 'அங்கோரா'விலிருந்து அது வந்தது. லத்தீனுக்குக் கிரேக்கத்தின் 'அங்குரா' கொடுத்தது. ஆங்கிலேயரின் கப்பல் ஒன்று நம் கடலுக்கு வர அப்போது இன்னும் 600 ஆண்டுகள் கிடந்தன. நம்முடைய நங்கூரமோ வெளியே போன சொல்லே அல்ல, உள்ளே வந்த சொல். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் அதைப் பாரசீகத்தின் 'லங்கர்' என்பதோடு சேர்க்கிறது. வளைகுடாவிலிருந்து வந்த வணிகக் கப்பல்கள் நங்கூரத்தை இறக்கிய துறைகளில் பெயரையும் இறக்கிவிட்டுப் போயிருக்கின்றன. இதில் கடன்பட்டவர்கள் நாம்தான்.

நாவாய் இன்னும் கொஞ்சம் நுட்பமான வழக்கு. சங்கப் பாடல்களில் உண்டு, குறளில் உண்டு. பழமையில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஆங்கில 'நேவி' பழைய பிரெஞ்சு வழியாக லத்தீனின் 'நாவிஸ்' என்பதிலிருந்து வந்தது. லத்தீன் நாவிஸ், கிரேக்க நௌஸ், வடமொழி நௌ எல்லாம் ஒரே இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்துப் பிள்ளைகள். அந்தக் குடும்பத்துக்குக் கப்பலுக்கான சொல்லைத் தமிழில் வந்து வாங்க வேண்டிய தேவை இருக்கவில்லை. பிராகிருதத்தின் 'நாவா' வழியாகத் தமிழுக்கு நாவாய் வந்திருக்கும் என்பதே வலுவான கருத்து. வந்த சொல்லை இரண்டாயிரம் ஆண்டுகளாக ஆண்டு அனுபவித்திருக்கிறோம் என்பது வேறு பெருமை, அதைச் சொல்லலாம். கொடுத்தோம் என்று சொல்ல முடியாது.

இங்கேயே அளவுகோலைச் சொல்லிவிடுகிறேன். ஒரு சொல் ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்குப் போனது என்று தீர்ப்புச் சொல்ல, முதலில் அது போய்ச் சேர்ந்த இடத்தில் எழுத்தில் தோன்றிய காலம் வேண்டும். அந்தக் காலத்தில் இரு மொழிக்காரரும் சந்தித்த இடம் வேண்டும். இடையில் கைமாற்றியவர் யார் என்று தெரிய வேண்டும். இவை மூன்றும் பொருந்திய பிறகு ஒலியைப் பார்க்கலாம். பட்டியல்காரர்கள் செய்வது தலைகீழ். ஒலியில் தொடங்கி ஒலியிலேயே முடித்துவிடுகிறார்கள். 'எய்ட்' என்பது எட்டு, 'கில்' என்பது கொல், 'க்ரை' என்பது கரை என்று அடுக்கும்போது கேட்க நன்றாகத்தான் இருக்கும். உலகின் எந்த இரண்டு மொழிகளை எடுத்தாலும் இப்படிச் சில பத்துச் சொற்களைப் பொறுக்கிவிடலாம். தேவநேயப் பாவாணர் 1966இல் ஆங்கிலத்தில் ஒரு நூலே எழுதி, உலகின் முதல் செம்மொழி தமிழே என்று வாதிட்டார். அவருடைய உழைப்பும் தமிழ்ச் சொல்வளத்தின் மேல் அவருக்கிருந்த ஆட்சியும் பெரிது. ஆனால் அவரிடமிருந்து பட்டியல்காரர்கள் எடுத்துக்கொண்டது உழைப்பை அல்ல, துணிச்சலை மட்டும்.

கட்டுமரத்துக்கு இந்த அளவுகோலைப் போட்டுப் பார்த்தால் எல்லாப் பக்கமும் பொருந்துகிறது. வில்லியம் டாம்பியர் 1697இல் அச்சிட்ட பயண நூலில் அது ஆங்கிலத்தில் வருகிறது. அவர் சோழமண்டலக் கரையில் இருந்தவர். பார்த்த பொருளைப் பெயரோடு எழுதினார். பொருளும் பெயரும் ஒன்றுக்கொன்று சாட்சி: கட்டிய மரம், அவ்வளவுதான். மிதப்பான கட்டைகள் சிலவற்றை முன்பக்கம் மேலே வளையும்படி செதுக்கி, பக்கம் பக்கமாக வைத்துக் கயிற்றால் இறுக்குவார்கள். அதற்கு உள்ளறை கிடையாது, பக்கச்சுவர் கிடையாது. தண்ணீர் இடுக்கு வழியே ஏறி இடுக்கு வழியே இறங்கிப் போகும். ஆகவே அதை மூழ்கடிக்க முடியாது. கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்துக் கட்டைகளைப் பிரித்து வெயிலில் காயப் போடுவார்கள். நம் கிழக்குக் கரையில் இதே வகையைத் தெப்பம் என்பது வழக்கம். இன்று பைபர் படகும் வெளியிணைப்பு இயந்திரமும் வந்து, உப்புவெளி, நிலாவெளிக் கரைகளில் மரக்கட்டையைத் தேடிப் பார்க்க வேண்டிய நிலை. ஆனால் சொல் அதற்குள் உலகம் சுற்றிவிட்டது.

சுற்றிய விதம்தான் வேடிக்கை. 1804 ஒக்டோபரில் நெப்போலியனின் படகுகளை அழிப்பதற்காகப் பிரான்சின் பூலோன் துறைமுகத்தை நோக்கிப் பிரித்தானியக் கடற்படை வெடிமருந்து நிரப்பிய மிதவைகளை ஏவியது. அமெரிக்கரான றொபேர்ட் ஃபுல்டன் வகுத்த அந்த வெடிமிதவைக்குக் கடற்படையினர் வைத்த பெயர் கட்டமரான். அடுத்த சில பத்தாண்டுகளில் அதே சொல் ஆங்கிலக் கொச்சையில் சண்டைக்காரப் பெண்ணைக் குறிக்கத் தொடங்கியது. முதல் அசையில் 'கட்' என்ற பூனை உட்கார்ந்திருந்ததுதான் காரணம். ஆங்கிலேயருக்கும் ஒலி மயக்கம் உண்டு என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். இலங்கைக்கு வந்த ஆங்கிலேயரோ, சிங்கள மீனவர்கள் பக்கத்தில் மிதவைக் கட்டை பூட்டி ஓட்டும் 'ஒருவ'வையும் கட்டமரான் என்றே அழைத்தார்கள். கொழும்பின் பழைய தபாலட்டைப் படங்களில் ஒருவவின் கீழே அந்தப் பெயர் அச்சாகியிருக்கும். ஒற்றை மிதவை இரட்டை உடலாக மாற வெகு தூரம் இல்லை. 1876இல் நத்தானியேல் ஹெரஷொஃப் என்ற அமெரிக்கப் படகுக் கலைஞர் 'அமரில்லிஸ்' என்ற இரட்டை உடல் பாய்ப்படகை நியூயோர்க் போட்டியில் ஓட்டி மற்றவற்றைப் பின்தள்ளினார். அந்த வகைக்கு ஒட்டிய பெயர்தான் இன்றைக்கும் உலகம் அறிந்த கட்டமரான்.

ஆகவே தீர்ப்பு இரண்டு பகுதி. சொல் தமிழ், அதில் ஐயத்துக்கு இடமே இல்லை. ஆனால் இரட்டை உடல் படகைத் தமிழர் கண்டுபிடித்தார்கள் என்று அந்தச் சொல்லைக் காட்டி எழுதுகிறார்களே, அது தேறாது. இரட்டை உடலில் பெருங்கடல் கடந்தவர்கள் பசிபிக் தீவினர். இன்னொரு விசித்திரமும் உண்டு. இரண்டு தோணிகளின் மேல் பலகை பரப்பி ஆறு கடக்கப் பயன்படுத்திய வாகனத்துக்குத் தமிழில் சங்கடம், சங்காடம் என்று பெயர், மலையாளத்தில் சங்ஙாடம். அதைப் போர்த்துக்கேயர் 'ஜங்காடா' ஆக்கிப் பிரேசிலுக்குக் கொண்டுபோனார்கள். பிரேசில் மீனவர்கள் அந்தப் பெயரில் ஓட்டுவது கட்டைகளைப் பிணைத்த மிதவையை. இரட்டைத் தோணியின் பெயர் பிரேசிலில் கட்டைக்குப் போயிற்று, கட்டையின் பெயர் அமெரிக்காவில் இரட்டைத் தோணிக்குப் போயிற்று. கடல்வழி போகும் சொல் தன் பொருளைக் கூடவே பத்திரமாகக் கொண்டுபோகும் என்று நம்பினால் இப்படித்தான் ஏமாற வேண்டும்.

திருகோணமலைத் துறைமுகத்துக்கே உரிய வழக்கு ஒன்று இருக்கிறது. பட்டியல்கள் அதை விரிவாகச் சொல்வதே இல்லை. 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல் புயலில் பாய்மரம் இழந்து, பழுது பார்க்கவும் வணிகம் செய்யவும் கொட்டியாரக்குடாவுக்கு வந்தது. 1660இல் மூதூர்ப் பக்கக் கரையில் கப்பல் தலைவரும் அவர் மகன் றொபேர்ட் நொக்ஸும் மற்றும் சிலரும் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களிடம் பிடிபட்டார்கள். மகன் ஏறத்தாழ 20 ஆண்டுகள் மலைநாட்டில் கைதியாக இருந்து, 1679இல் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பினார். 1681இல் லண்டனில் அவருடைய இலங்கை வரலாறு அச்சாயிற்று. ஆங்கிலச் சொற்பிறப்பு அகராதிகள் இந்த நூலை மீண்டும் மீண்டும் சாட்சிக்கு அழைக்கும். குரங்குக்கு 'வாண்டரூ', குடைப்பனைக்குத் 'தலிபொட்' போன்றவற்றுக்கு நொக்ஸின் பக்கங்களை அவை எடுத்துக்காட்டுகின்றன.

அந்த நூலில் கறியும் வருகிறது. பழங்களை முற்றுமுன் பறித்து வேகவைத்து, சோற்றோடு சேர்த்து உண்ணும் சுவைப்பதமாக இங்குள்ளவர்கள் ஆக்குவதை நொக்ஸ் விவரிக்கிறார். அதற்குக் 'கறீஸ்' என்று பன்மை போட்டுவிட்டு, இது போர்த்துக்கேயர் சொல் என்று சேர்க்கிறார். இந்த ஒரு வாக்கியத்தில் நமக்கு வேண்டிய எல்லாம் இருக்கிறது. காலம் இருக்கிறது, இடம் இருக்கிறது, கைமாற்றியவர் யார் என்பதும் இருக்கிறது. கூடவே, இடைத்தரகரை உரிமையாளராக எண்ணிவிடும் பிழையும் இருக்கிறது. தமிழர் வாழும் கரையில் பிடிபட்ட மனிதர், தமிழ்ச் சொல்லைப் போர்த்துக்கேயச் சொல் என்று எழுதி வைத்தார்.

பொருளையும் பாருங்கள். தமிழ்நாட்டில் இன்று கறி என்றால் பெரும்பாலும் இறைச்சி. இலங்கையில் அப்படி இல்லை. கத்தரிக்காய்க் கறி, பருப்புக் கறி, மாங்காய்க் கறி என்று சோற்றோடு வரும் எதுவும் கறி, சந்தையில் வாங்கும் காய் மரக்கறி. ஆங்கிலத்துக்குப் போன பொருள் இந்த விரிந்த பொருளோடுதான் ஒத்துப்போகிறது. 'கறி' தமிழ்ச் சொல் என்பதைச் சென்னைச் சாப்பாட்டுக்கடையைவிட மூதூர்ச் சமையலறை தெளிவாகக் காட்டும். பட்டியல்களில் இதை ஒரு வரியில் தாண்டிவிட்டு நங்கூரத்துக்குப் பக்கம் பக்கமாக எழுதுவது எனக்கு எரிச்சலூட்டும் விடயம்.

கறியில் நமக்கு நியாயம் கிடைக்கவில்லை என்றால், அனகொண்டாவில் நமக்கு உரிமையில்லாத ஒன்று கிடைத்திருக்கிறது. கொடுத்தவர் தமிழர் அல்லர், ஒரு ஸ்கொட்லாந்துக்காரர். ஹென்றி யூலும் ஏ. சி. பர்னெலும் தொகுத்து 1886இல் வெளிவந்த 'ஹொப்சன்-ஜொப்சன்' என்ற ஆங்கில-இந்தியச் சொல்லகராதியில் யூல் இதைத் தமிழோடு இணைத்தார்: ஆனையைக் கொன்றது, அதனால் ஆனைக்கொன்றான். தமிழ் இணையத்தில் இந்தக் கதை இன்றும் குறையாத செல்வாக்கோடு இருக்கிறது, திருகோணமலைக் காட்டில் ஆனை இருப்பதால் இங்கே இன்னும் கூடுதலாக. ஆனால் சொல்லின் முதல் தடத்துக்குப் போனால் கதை குலைகிறது. ஜோன் ரே 1693இல் வெளியிட்ட விலங்கியல் நூலில், லெய்டன் நகரத்துச் சேகரிப்பிலிருந்து வந்த பாம்புப் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் சிலோன்காரர் 'அனகண்டய' என்று அழைப்பதாக ஒரு பாம்பு. எருமைகளையும் நுகம் பூட்டும் மாடுகளையும் நொறுக்கும் என்று குறிப்பு. ஆனையைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை.

1897இல் டொனால்ட் ஃபர்குசன் இதை மறுபடி ஆராய்ந்து, சிங்களத்தின் 'ஹெனகந்தயா' என்பதே மூலம் என்றார். 'ஹென' இடிமின்னல், 'கந்த' தண்டு. அது எருமையை நொறுக்கும் பாம்பே அல்ல, சாட்டை போல மெலிந்த பாம்பு. சேகரிப்பிலோ பட்டியலிலோ பெயர்ச்சீட்டு மாறிப்போய், ஒல்லிப் பாம்பின் பெயர் பெரும்பாம்புக்கு ஒட்டிக்கொண்டது. பிறகு 1768இல் ஸ்கொட்லாந்தின் ஒரு மாத இதழில், இலங்கையில் அனகொண்டா புலியைப் பிடித்து நொறுக்கியதாக ஒருவர் நேரில் கண்டதுபோல எழுதினார். இலங்கைக் காட்டில் புலி கிடையாது. அந்தக் கட்டுரை ஐரோப்பாவெங்கும் படிக்கப்பட்டு, கடைசியில் பெயர் தென்னமெரிக்காவின் பாம்புக்குப் போய்ச் சேர்ந்தது. ஒலி, தடம், காலம் மூன்றும் சிங்களத்தையே காட்டுகின்றன. நம் ஊரில் பெரும்பாம்பை வெங்கணாந்தி என்பார்கள், மலைப்பாம்பு என்பார்கள். அனகொண்டா சிங்களத்துக்கு உரியது. ரத்தினக் கல் வகையில் 'டூர்மலின்' என்பதும் அப்படியே, சிங்களத்தின் 'தோரமல்லி'. அயலவர் பொருளை அயலவருக்கு என்று எழுதி வைப்பதில் தமிழுக்கு ஒரு குறையும் வந்துவிடாது.

'செரண்டிபிட்டி'யைச் சேரன் தீவு ஆக்குவதும் இதே வகைதான். ஹொரஸ் வால்போல் 1754 ஜனவரி 28ஆம் திகதி எழுதிய கடிதத்தில் படைத்த சொல் அது. அடியில் இருப்பது அரபுக்காரரின் 'சரந்தீப்', அதற்கும் அடியில் சிங்களத் தீவு என்று பொருள்படும் பாளி, வடமொழி வடிவம். நம் பழைய நூல்கள் இந்தத் தீவை ஈழம் என்கின்றன, இலங்கை என்கின்றன. சேரன் தீவு என்று எந்தப் புலவரும் அழைக்கவில்லை. தள்ளுபடி.

பாதி தேறும் வழக்குகளும் உண்டு. அவற்றில் காசு முக்கியம். நாம் இங்கே அன்றாடம் பணத்தைக் காசு என்றே சொல்லுவதால், கடைக்காரர் 'கேஷ்' என்று எழுதி வைத்திருப்பது நம் சொல்லை நமக்கே திருப்பித் தருவதாகத் தோன்றும். உண்மையில் ஆங்கிலத்தில் இரண்டு 'கேஷ்' இருந்தன. ரொக்கப் பணத்தைக் குறிப்பது, பணப்பெட்டியைக் குறித்த பிரெஞ்சு, இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. லத்தீன் 'கப்சா' அதன் வேர். தென்னிந்தியாவிலும் சீனாவிலும் புழங்கிய சின்ன நாணயத்தைக் குறித்த மற்றக் 'கேஷ்', போர்த்துக்கேயர் வாயில் 'கைஷா' ஆகிப் போன நம் காசு. 1818 வரை சென்னையில் 80 கேஷ் ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். அந்த நாணயம் போனது, சொல்லும் அதனோடு போனது. இன்று வங்கியில் நிற்கும் 'கேஷ்' நம்முடையது அல்ல. அரிசிக்கும் 'ரைஸ்'க்கும் உள்ள உறவு இன்னும் தீராத வழக்கு. கிரேக்கத்தின் 'ஒருசா' தமிழிலிருந்தா, ஈரானிய மொழி ஒன்றிலிருந்தா என்று அறிஞர்கள் இருபுறமும் நிற்கிறார்கள். தீராததைத் தீர்ந்ததாக எழுதக்கூடாது.

கூலியைப் பற்றிச் சொல்லும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்த வேண்டும். ஆங்கிலத்தின் 'கூலி'க்கு இரண்டு உரிமை கோரல்: குஜராத்தின் கோலி என்ற சமூகப் பெயர் ஒன்று, தமிழின் கூலி மற்றது. இரண்டும் போர்த்துக்கேயர் வாயில் கலந்திருக்க வேண்டும் என்பதே என் கணிப்பு. தமிழில் அது உழைப்புக்குக் கொடுக்கும் ஊதியம். ஆங்கிலம் அதை உழைக்கும் மனிதனுக்கே பெயராக்கியது. 'பரையா' அதைவிடக் கொடியது. பறையர் என்ற ஒரு சமூகத்தின் பெயரை எடுத்து, எல்லோராலும் ஒதுக்கப்பட்டவன் என்று பொருள் வைத்து உலகமெங்கும் ஓட விட்டார்கள். சொற்பிறப்பில் இதற்கு எந்தத் தடையும் இல்லை, நூற்றுக்கு நூறு தமிழ். ஆனால் இதையும் 'பெருமைமிகு தமிழ்ச் சொற்கள்' என்ற தலைப்பின் கீழ் வரிசைப்படுத்தி அனுப்புகிறவர்கள், தாங்கள் எதைக் கொண்டாடுகிறோம் என்று ஒரு நிமிடமாவது யோசித்தார்களா? அந்த ஒதுக்கலை ஐரோப்பியர் கண்டுபிடிக்கவில்லை. நம் ஊர்களில் கண்டதைத்தான் சொல்லோடு கொண்டுபோனார்கள்.

அகராதிக்காரர் பக்கமும் குறை உண்டு. அதைச் சொல்லாவிட்டால் திறனாய்வு ஒருபக்கமாகிவிடும். பெரும்பாலான தென்னாட்டுச் சொற்களுக்கு 'போர்த்துக்கேயத்திலிருந்து' என்று முதல் வரியில் எழுதி, மூலத்தைப் பின்வரியில் தள்ளுவது அவர்கள் வழக்கம். வழியைச் சொல்லுவது சரிதான். ஆனால் படிப்பவர் முதல் வரியோடு நின்றுவிடுவார். நொக்ஸ் செய்த அதே பிழை. 'கொட்' என்ற கட்டிலுக்கு ஹிந்தியின் 'காட்' என்று எழுதுவார்கள். அதற்குப் பின்னால் வடமொழி 'கட்வா', அதற்கும் பின்னால் திராவிடக் கட்டில் இருப்பதை பரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பு அகராதியில் பார்த்தால்தான் தெரியும். போர்க்கப்பலில் அதிகாரிகளுக்கு உத்தரத்திலிருந்து தொங்கவிட்ட படுக்கையும் இந்தக் 'கொட்' தான். இஞ்சி இன்னும் பழைய கதை. பாளியின் 'சிங்கிவேர' என்பதில் வேர் வெளிப்படையாகத் தெரிகிறது. வடமொழியில் அதை மான்கொம்பு போன்ற உடல் கொண்டது என்று பொருள்படச் 'சிருங்கவேர' ஆக்கினார்கள். பட்டியல்காரர் வேலையை அந்தக் காலத்துப் பண்டிதரும் செய்திருக்கிறார். அங்கிருந்து கிரேக்கம், லத்தீன், கடைசியில் 'ஜிஞ்சர்'. இதைத் திராவிடச் சொல் என்று ஒப்புக்கொள்ளத் தயங்குகிறவர் இன்று அரிது.

'கொயர்', 'டீக்', 'பீட்டல்' எல்லாவற்றையும் மலையாளத்துக்கு எழுதுகிறார்களே என்று நம்மவர் சிலர் கோபப்படுவார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. வாஸ்கோட காமா 1498இல் வந்தது கோழிக்கோட்டுப் பக்கம். போர்த்துக்கேயர் கயிறும் தேக்கும் வெற்றிலையும் வாங்கியது மலபார்க் கரையில். அங்கே கேட்ட உச்சரிப்புத்தான் லிஸ்பனுக்குப் போயிற்று. ஆனால் கப்பல் மாலுமிகளின் தலைவனைக் குறித்த 'டிண்டல்' என்ற சொல்லுக்கு மலையாளத்தையும் தெலுங்கையும் காட்டுகிற 'ஹொப்சன்-ஜொப்சன்', ஈழத்துக் கரையைப் பார்க்க மறந்துவிட்டது. பாய்க்கப்பல் ஓட்டிய நம்மவர் தங்கள் தலைவனைத் தண்டயல் என்றே அழைத்தார்கள்.

இனி, யாரும் பட்டியலில் சேர்க்காத ஒன்று. ஆங்கில மரவணிகத்தில் 'ட்ரிங்கமலீ வூட்', அதாவது திருகோணமலை மரம் என்று ஒரு பெயர் இருக்கிறது. சிங்களத்தில் ஹல்மில்ல எனப்படும் மரம்; நெளியும், எளிதில் முறியாது. இந்தத் துறைமுகத்திலிருந்து ஏற்றப்பட்டதால் துறைமுகத்தின் பெயரே மரத்துக்கு வந்தது, கோழிக்கோட்டுத் துணிக்கு 'கலிக்கோ' என்று பெயர் வந்ததுபோல. துறைமுகம் கட்டப்படாத காலத்தில் சென்னைக் கரையின் அலைமோதலைத் தாண்டிக் கப்பலுக்குப் போய்வந்த மசூலாப் படகுகளுக்கு இந்த மரம் போயிற்று. அலை அடிக்கும்போது வளைந்து கொடுக்க வேண்டும் என்பதற்காகப் பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த படகுகள் அவை. இந்தச் சொல்லின் பிறப்பிடம் குறித்து எந்த வழக்கும் கிடையாது. ஆனால் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அதில் வீறாப்பு இல்லை. வெட்டி ஏற்றிய மரத்தின் விலைச்சீட்டு மட்டும் இருக்கிறது. ஊரின் பெயர் தாங்கிய போர்க்கப்பலும் ஒன்று உண்டு. 1782இல் இந்தக் கரையோரம் பிரெஞ்சுக்காரரோடு நடந்த கடற்சமரின் நினைவாகப் பெயரிட்டு, பம்பாயில் வாடியா குடும்பத்தினர் தேக்கில் கட்டி 1817இல் நீரில் இறக்கியது. இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் அது இன்றும் மிதக்கிறது.

இணையச் சொற்களைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. 'அவதார்' வடமொழி, நம் அவதாரமும் அங்கிருந்து வந்ததே, கணினி விளையாட்டுகளுக்குள் அது நுழைந்ததில் தமிழுக்குப் பங்கில்லை. 'இமோஜி' நல்ல பாடம். ஆங்கிலத்தின் 'இமோஷன்' என்பதிலிருந்து வந்ததாக எல்லோரும் எண்ணுகிறார்கள். அது ஜப்பானியம், 'எ' படம், 'மோஜி' எழுத்து. நம் கண்முன்னே பிறந்து வளர்ந்த சொல்லிலேயே ஒலி இப்படி ஏமாற்றுமென்றால், இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய சொல்லில் என்ன செய்யாது? 2016 செப்டெம்பரில் ஒக்ஸ்போர்ட் அகராதி 'ஐயோ'வைச் சேர்த்தபோது நம்மவர் கொண்டாடினார்கள். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் அது நம் வாய்ச்சொல் என்பது சரி. சிங்களவரும் அதையே சொல்கிறார்கள், சீனரிடமும் அதே போன்ற கூவல் உண்டு. வலிக்குக் கத்துவதில் காப்புரிமை கேட்பது சிறுபிள்ளைத்தனம்.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் என் தீர்ப்பு இது. ஆங்கிலத்துக்குத் தமிழ் நேரடியாகவோ கைமாறியோ கொடுத்ததாகச் சான்றோடு நிற்கும் சொற்கள் கட்டுமரம், கறி, சுருட்டு, மிளகுதண்ணி, வெட்டிவேர், அணைக்கட்டு, குருந்தக்கல் என்று ஒரு சிறிய கூட்டம். இன்னும் பழைய திராவிடத் தளத்தில் இஞ்சியும் கட்டிலும் சேரும். இவை பெரும்பாலும் கடற்கரையிலும் சந்தையிலும் அடுப்படியிலும் வேலை செய்தவர்களின் சொற்கள். புலவர்களின் சொற்கள் அல்ல. பட்டியல்கள் காட்டும் நூற்றுக்கணக்கில் பெரும்பங்கு தேறாது. அதனால் தமிழ் சிறுத்துவிடவும் இல்லை. பாண், சப்பாத்து, விறாந்தை, அலவாங்கு எல்லாவற்றையும் போர்த்துக்கேயரிடமும், கந்தோரை ஒல்லாந்தரிடமும் வாங்கி வைத்திருக்கிறோம். அதற்காக ஒல்லாந்து மொழி உலகின் தாய்மொழி என்று நம்மில் யாரும் புத்தகம் எழுதவில்லை.

தமிழ்த் தினப் போட்டிக்கும் பாடசாலைச் சுவர்ப் பத்திரிகைக்கும் இந்தப் பட்டியல்களை எடுத்துக் கொடுக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளைகளை ஆங்கில ஒலிக்குத் தமிழ் ஒலி தேடவிடாமல், மூதூர், கிண்ணியா, நிலாவெளிப் பக்கம் கரைவலை இழுத்த பெரியவர்களிடம் அனுப்புங்கள். தோணியின் ஒவ்வொரு உறுப்புக்கும், வலையின் ஒவ்வொரு பகுதிக்கும், காற்றின் ஒவ்வொரு திசைக்கும் அவர்களிடம் பெயர் இருக்கிறது. பைபர் படகுக்கு அந்தப் பெயர்களில் பாதி தேவைப்படாது. கேட்டதைக் கேட்டபடி எழுதி, சொன்னவரின் ஊரையும் கேட்ட திகதியையும் பக்கத்தில் குறித்து வையுங்கள். டாம்பியரும் நொக்ஸும் அன்றைக்கு அப்படிக் குறித்து வைத்ததால்தான் கட்டுமரத்துக்கும் கறிக்கும் இன்று நம்மால் உரிமை கோர முடிகிறது.